ஹார்ட் டிஸ்க்கில் போட்டாச்சு, லேப்டாப்பில் அழிச்சிடலாமா?

இந்த வாரக் கேள்விகளில் பெரும்பாலானவை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் பற்றியவை. எல்லாம் மும்பை, அதைச் சுற்றியுள்ள ஊர் வாசகர்கள் அனுப்பியவை. அதனால் ஒரே இதழில் சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறேன்.

லேப்டாப்பில் இடமில்லை என்று மகன் 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கொடுத்தான். எங்கள் அறுபதாம் கல்யாணப் படங்கள், பேத்தியின் ஆயுஷ்ஹோம வீடியோ எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டு லேப்டாப்பில் அழித்துவிட்டேன். இனி கவலையில்லைதானே? அட்டையில் 1 டிபி என்று இருக்கிறது, கம்ப்யூட்டர் 931 ஜிபி என்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
*வாசகி, செம்பூர்*

கடைக்காரர் மேல் தப்பில்லை அம்மா. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது. அதனால் எந்தக் கம்பெனி டிஸ்க்காக இருந்தாலும் 1 டிபி என்றால் 931 என்றுதான் காட்டும்.

கவலை இருப்பது உங்கள் முதல் கேள்வியில்தான். நீங்கள் செய்ததற்குப் பெயர் பேக்கப் இல்லை, இடம் மாற்றியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். முன்பு ஒரே ஒரு பிரதி லேப்டாப்பில் இருந்தது, இப்போது அதே ஒரு பிரதி, கை தவறினால் கீழே விழக்கூடிய ஒரு சின்னப் பெட்டியில் இருக்கிறது. பேக்கப் என்றால் ஒரே படம் குறைந்தது இரண்டு தனித்தனி இடத்தில் இருக்க வேண்டும், ஒன்று போனாலும் இன்னொன்று கையில் நிற்க வேண்டும். பலரும் டிஸ்க் வாங்கியதுமே பேக்கப் ஆகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள், அப்படி நினைத்துத்தான் குடும்பப் படங்கள் மொத்தமாகப் போகின்றன. எனக்கு இது மனசு கேட்காத விஷயம், அதனால்தான் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

முதல் வேலையாக லேப்டாப்பில் ரீசைக்கிள் பின்னைத் திறந்து பாருங்கள். காலி செய்யாமல் இருந்தால் சில படங்கள் இன்னும் அங்கேயே இருக்கலாம். அப்புறம் மகனிடம் சொல்லி இதே அளவில் இன்னொரு டிஸ்க் வாங்கி, எல்லாவற்றையும் அதிலும் காப்பி செய்து, அந்த இரண்டாவதை மகன் வீட்டிலேயே வைக்கச் சொல்லுங்கள். ஒரே பீரோவில் இரண்டையும் வைத்தால் திருட்டோ தண்ணீரோ வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். 2005 ஜூலை 26-ஐப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை, தரைத்தள வீடுகளில் பீரோவுக்குள்ளேயே தண்ணீர். காப்பி முடிந்ததும் இரண்டு ஃபோல்டரிலும் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் ஃபைல் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் நாலு படம், கடைசியில் ஒரு வீடியோ திறந்து ஓடுகிறதா என்றும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிய படங்கள் இருக்கிறதே என்று இருந்துவிட வேண்டாம், சாதாரணமாக அனுப்பும்போது அது படத்தைச் சுருக்கிவிடும்.

தாராவியில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஒரு கல்யாண ஆல்பத்துக்கான படங்கள் எல்லாம் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருந்தன. ரயிலில் பையிலிருந்து விழுந்தது. இப்போது சொருகினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது. என்ன செய்வது?
*வாசகர், தாராவி*

தம்பி, இதைப் படிக்கிற இந்த நிமிடமே கேபிளைக் கழற்றிவிடுங்கள், திரும்பச் சொருகிப் பார்க்கவே வேண்டாம். உள்ளே வட்டமான தட்டுகள் நிமிடத்துக்கு 5400 சுற்றுப் போல வேகமாகச் சுழலும், அதற்கு மேல் தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில், காற்றின் பலத்தில் ஒரு ஹெட் மிதந்தபடியே படிக்கும். விழுந்த அதிர்ச்சியில் அந்த ஹெட் பழுதாகி, தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் போய்ப் போய்த் திரும்பும்போது வருவதுதான் பெரும்பாலும் அந்த டிக் டிக். ஒவ்வொரு முறை கரண்ட் கொடுக்கும்போதும் அது தட்டைக் கீறலாம். கீறிய இடத்தில் இருந்த படம் யாராலும் திரும்ப வராது. ஃப்ரீஸரில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். ஸ்க்ரூவைத் திறந்து பார்ப்பதும் கூடாது, ஒரு தூசி போதும்.

இனி டேட்டா ரெகவரி செய்பவர்களிடம்தான் போக வேண்டும். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோடு கடையில் டிஸ்க்கைக் கொடுக்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: தூசியில்லா அறையில் ஹெட் மாற்றும் வசதி உங்களிடமே இருக்கிறதா, படம் வராவிட்டால் எவ்வளவு வாங்குவீர்கள்? நேராகப் பதில் சொல்லாத இடத்தில் கொடுக்க வேண்டாம். செலவு டிஸ்க்கின் விலையைவிடப் பல மடங்கு ஆகும், எல்லாம் வந்துவிடும் என்று யாரும் உறுதி தரவும் முடியாது.

அதற்கு முன்னால் ஒன்று. அந்தக் கல்யாணத்துக்கு எடுத்துப்போன மெமரி கார்டு எங்கே? ஃபார்மட் செய்திருந்தாலும், அதற்கப்புறம் அதில் புதிதாக எதுவும் எடுக்காமல் இருந்தால் ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளிலேயே படங்கள் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். கார்டை உடனே தனியாக எடுத்து வையுங்கள், அதில் ஒரு படம்கூட எடுக்காதீர்கள். கிடைக்கிற படங்களை கார்டிலேயே சேமிக்காமல் கம்ப்யூட்டரில் சேமியுங்கள். இனிமேல் ஆல்பத்தைப் பார்ட்டி வாங்கிப் போகும்வரை கார்டை அழிக்காமல் வைத்திருப்பதை ஸ்டூடியோவில் பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கார்டு கூடுதலாக வாங்குகிற செலவுதான்.

எங்கள் ஆபீஸில் டாலி மென்பொருள் கணக்கு தினமும் தானாக எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஏறுகிறது. டிஸ்க் எப்போதும் கம்ப்யூட்டரிலேயே சொருகியிருக்கும். இது போதுமா?
*வாசகர், டோம்பிவிலி*

தானாக ஏறுவது நல்லது, ஆனால் எப்போதும் சொருகியே இருப்பதுதான் இடிக்கிறது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் கம்ப்யூட்டருக்குள் வந்தால் கண்ணில் படும் டிரைவ் எல்லாவற்றையும் பூட்டும், உங்கள் பேக்கப் டிஸ்க்கையும் சேர்த்து. 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற வைரஸ் தாக்கியபோது நம் நவா ஷேவாவில் ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் மெர்ஸ்க் என்ற கப்பல் குழுமம் நடத்திய முனையம் முடங்கிப்போனது பலருக்கு நினைவிருக்கும். மெர்ஸ்க்கின் நெட்வொர்க்குக்கு மூலாதாரமான சர்வர்கள் உலகம் முழுக்க ஒன்றுக்கொன்று பிரதியாக இருந்தன, அதனாலேயே எல்லாம் சேர்ந்து அழிந்தன. கானாவில் மின்தடையால் அணைந்து கிடந்த ஒன்று மட்டும் தப்பியது. அதிலிருந்துதான் மற்றதை மீட்டார்கள். தொடர்பில்லாமல் இருந்ததுதான் அதைக் காப்பாற்றியது.

நீங்கள் இரண்டு டிஸ்க் வாங்கி மேலே 'அ', 'ஆ' என்று ஒட்டிவிடுங்கள். இந்த வாரம் அ சொருகியிருக்கட்டும், ஆ உங்கள் வீட்டில். சனிக்கிழமை மாற்றுங்கள். எந்த வாரமும் ஒன்று கம்ப்யூட்டரை விட்டு வெளியே இருக்கும், ஆபீஸை விட்டும் வெளியே இருக்கும். ரயிலில் கொண்டுபோவதால் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டில் பாஸ்வேர்டு போட்டுவிடுங்கள், அது தரும் மீட்புக் குறியீட்டைத் தனியாகக் காகிதத்தில் எழுதி வையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பை இன்னொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து கணக்கு திறக்கிறதா என்றும் பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை.

வீட்டில் விண்டோஸ், மகளிடம் மேக். ஒரே டிஸ்க் இரண்டிலும் ஓடுமா?
*வாசகர், மாட்டுங்கா*

எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மட் செய்தால் இரண்டிலும் படிக்கலாம், எழுதலாம். என்டிஎஃப்எஸ் என்றால் மேக்கில் படிக்க மட்டும்தான் முடியும். ஃபேட்32 வேண்டாம், 4 ஜிபிக்கு மேல் உள்ள வீடியோவை ஏற்காது. ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பது போய்விடும், முதலில் வேறு இடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்எஸ்டி வாங்கலாமா, பழைய மாதிரி ஹார்ட் டிஸ்க்கா?
*வாசகி, முலுண்ட்*

பையில் போட்டு அலைய எஸ்எஸ்டி. அது சிப்பில் சேமிப்பது, சுழலும் பாகம் இல்லை, விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும், வேகமும் அதிகம். வருஷக்கணக்கில் பீரோவில் வைக்கிற பிரதிக்கு ஹார்ட் டிஸ்க் போதும், அதே பணத்தில் இடமும் அதிகம் கிடைக்கும். எஸ்எஸ்டியை மிக நீண்ட காலம் மின்சாரமே கொடுக்காமல் போட்டுவைத்தால் உள்ளே இருப்பது அழிய வாய்ப்புண்டு. எதுவானாலும் சில மாதங்களுக்கு ஒருமுறை சொருகிப் பாருங்கள், மழைக்காலத்தில் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வையுங்கள்.