கிரைண்டரை யாருக்குக் கொடுப்பது?

டெக்சஸ் கில்லீனிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அமெரிக்க ராணுவத்தில் இருக்கும் கணவருக்கு ஜெர்மனி கைசர்ஸ்லாட்டர்னுக்கு மாற்றல் ஆர்டர் வந்துவிட்டது, வீட்டுச் சாமான்களைக் கட்டும் பேக்கர்ஸ் வர மூன்று வாரம்தான் இருக்கிறது. மூன்று வருடம் பழகியவர்களிடம் எப்படி விடைபெறுவது, வீட்டில் விருந்து வைக்கலாமா, எட்டு வயது மகள் தோழியிடம் பேச மாட்டேன் என்கிறாளே, சமையல் சாமானில் எதைக் கொண்டுவருவது என்று கேள்விகள்.

நாங்களும் 2016-ல் அதே கில்லீனிலிருந்து இங்கே கைசர்ஸ்லாட்டர்னுக்கு வந்தவர்கள்தான். கணவர் சீருடையைக் கழற்றிவிட்டார். இப்போது ராணுவத்திலேயே சிவிலியன் வேலை.

விருந்தைப் பேக்கர்ஸ் வருவதற்கு முந்தைய வாரமே வைத்துவிடுங்கள். அவர்கள் வந்து போனபின் காப்பி கொடுக்க ஒரு டம்ளர் இருக்காது. கண்ணில் பட்டதையெல்லாம் கட்டுவார்கள். குப்பைக் கூடையைக் குப்பையோடு கட்டிய கதை ராணுவக் குடும்பங்களில் பிரசித்தம். எங்கள் அஞ்சறைப்பெட்டி அப்படியே துணிகளோடு போய், இரண்டு மாதம் கழித்துக் கப்பலில் வந்தபோது என் பட்டுப்புடவை முழுக்க மஞ்சள்தூள். பாஸ்போர்ட், ஆர்டர் நகல், மருந்து, நகை இவற்றைக் குளியலறையில் வைத்துக் கதவில் ‘கட்டாதீர்கள்’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

யூனிட்டில் ‘ஹெயில் அண்ட் ஃபேர்வெல்’ நடத்துவார்கள். புதிதாக வந்தவர்களுக்கு வரவேற்பும் போகிறவர்களுக்கு வழியனுப்பும் ஒரே மாலையில் முடிந்துவிடும். கணவருக்கு ஒரு நினைவுப் பலகை, உங்களுக்குப் பூங்கொத்து. மரியாதைக்குப் போய் வாருங்கள்.

என் கணக்கில் உண்மையான விடைபெறல் கார் போன பிறகுதான் நடக்கும். அரசுச் செலவில் ஒரு வண்டியை அனுப்பலாம். அது உங்களுக்கு முன்பே கிளம்பிவிடும். அப்புறம் பால் வாங்கக்கூட யாரையாவது கேட்க வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள். விருந்தில் பேசாததையெல்லாம் என் தோழிகள் தங்கள் காரில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் பேசினார்கள்.

ஒருத்தி மட்டும் பேசவில்லை. பக்கத்துத் தெருத் தெலுங்குத் தோழி. தினமும் வருகிறவள், எங்கள் ஆர்டர் வந்ததிலிருந்து போனைக்கூட எடுக்கவில்லை. நானும் ரோஷத்தில் விட்டுவிட்டேன். நான்கு ஊர் மாறியவள் அவள். பிரியப்போகிறோம் என்று தெரிந்ததுமே மனதைச் சுருக்கிக்கொள்வது அவள் பழக்கமென்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது. உங்கள் மகள் செய்வதும் அதுவாக இருக்கலாம். ‘கட்டிப்பிடித்து டாட்டா சொல்லு’ என்று பிடித்துத் தள்ளாதீர்கள். இரண்டு பேரையும் ஒரு வேலையில் உட்கார வையுங்கள். என் மகளும் அவள் தோழியும் பெட்டிகளில் ஸ்கெட்ச் பேனாவால் எண் எழுதினார்கள். கடைசிவரை சண்டைதான், ஆனால் சேர்ந்தே இருந்தார்கள். டெக்சஸ் நமக்கு ஏழு மணி நேரம் பின்னால். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு இங்கிருந்து கூப்பிட்டால் அங்கே காலை ஒன்பது. இதைக் கிளம்பும் முன்பே அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஏபிஓ என்கிற ராணுவத் தபால் முகவரி கிடைத்ததும் கொடுத்துவிடுங்கள். அங்கிருந்து பார்சல் அனுப்ப உள்நாட்டுத் தபால் செலவுதான், சுங்கப் படிவம் ஒன்று நிரப்ப வேண்டும்.

கிரைண்டர், மிக்ஸி இரண்டும் வேண்டாம். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. கிரைண்டர் மோட்டார் மெதுவாகச் சுற்றிச் சூடாகும். ஊருக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியக் கிரைண்டர் இங்கே பிளக்கை மாற்றினாலே ஓடும். நான் என்னுடையதைக் கல்லோடு தூக்கிப்போய் அந்தத் தெலுங்குத் தோழி வாசலில் வைத்துவிட்டு மணியடிக்காமல் வந்தேன். ஆறு மாதம் கழித்து ஒரு படம் அனுப்பினாள்: தோசைக்கல்லில் தோசை. ஒரு வார்த்தைகூட இல்லை. அன்றே கூப்பிட்டுப் பேசிவிட்டேன். நீங்கள் மணியடித்துக் கையில் கொடுங்கள்.

இன்னொன்று. உங்களிடம் கிரீன் கார்டுதான் இருக்கிறது, கணவர் குடியுரிமை பெற்றவர் என்றால், வெளிநாட்டுப் பணிக்குக் கூடவே போகும் மனைவி வழக்கமான வருடக்கணக்குக் காத்திருப்பு இல்லாமலே குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 319(பி) பிரிவு. கிளம்பும் முன் ராணுவ பேஸிலுள்ள சட்ட உதவி அலுவலகத்தில் கேளுங்கள்.

வந்து இறங்கியதும் தகவல் சொல்லுங்கள். நீங்கள் கிரைண்டர் வாங்கும்வரை மாவு எங்கள் வீட்டில் அரைத்துக்கொள்ளலாம். பாத்திரம் மட்டும் கொண்டு வாருங்கள், போன முறை வந்தவர்களிடம் கொடுத்த என் தூக்குவாளி இரண்டு இன்னும் திரும்பி வரவில்லை.