மான் பூங்காவும் மதுக்காரரின் ஏணியும் (கடிதம்)

வணக்கம் சார்,

மகள் வீட்டுக்கு லண்டன் வந்திருக்கிறேன். வீடு கிங்ஸ்டனில், காலை நடை ரிச்மண்ட் பூங்காவில். நம் ஊர் மாடு மாதிரி மான்கள் பாட்டுக்கு மேய்கின்றன. முதலாம் சார்லஸ் மன்னர் மான்களைக் காப்பாற்ற மக்களுக்காக விட்டுப்போன பழைய காடு இது என்கிறார் மருமகன். அப்படியானால் சுற்றி எதற்கு இவ்வளவு நீளச் சுவர்? மரங்களெல்லாம் அடியில் கத்தரித்துவிட்டாற்போல ஒரே மட்டமாக இருப்பது ஏன்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மருமகனோடு மனஸ்தாபம் வேண்டாம், ஆனால் அவர் சொன்னதில் சார்லஸ் என்ற பெயர் மட்டும்தான் சரி.

1625இல் லண்டனில் பிளேக் பரவியபோது சார்லஸ் தன் பரிவாரத்தோடு ரிச்மண்ட் அரண்மனைக்கு வந்தார். வேட்டைப் பிரியர். பக்கத்திலேயே மான் வேண்டும் என்று ஆசைப்பட்டார். அங்கே இருந்ததோ ஊர்ப் பொது மேய்ச்சல் நிலமும் தனியார் வயல்களும். சிலர் விற்க மாட்டோம் என்றார்கள், செலவு தாங்காது என்று அமைச்சர்களே தடுத்தார்கள், இவர் எல்லாரும் சம்மதிக்கும் முன்பே சுவர் எழுப்ப ஆரம்பித்துவிட்டார். 1637இல் பூங்கா அடைபட்டது. சுமார் 13 கிலோமீட்டர் சுவர், உள்ளே இன்றைய கணக்கில் 955 ஹெக்டேர். ஊர் வாயை அடைக்க, நடந்து போகிற வழியையும் ஏழைகள் விறகு பொறுக்கும் உரிமையையும் விட்டுவைத்தார்.

இங்கிலாந்தில் மான் பூங்கா என்பதே அதற்கும் பல நூற்றாண்டு பழைய ஏற்பாடு. பிரான்சிலிருந்து வந்து நாட்டைப் பிடித்த நார்மன்கள் காலத்துக்குப்பின் பெருகியது. மான் இறைச்சி அன்று கடையில் வாங்குகிற சாமான் இல்லை, பிரபு வீட்டு விருந்தில் கிடைப்பது, அல்லது அவர் பார்த்து அனுப்புவது. அதனால் பூங்காவே ஓர் உயிருள்ள உக்கிராண அறை. வெளியே மண்மேடு, அதன்மேல் ஓக் பலகை வேலி, உள்பக்கம் பள்ளம். சில இடங்களில் வேலியைத் தாழ்த்தி வைப்பார்கள்: வெளியிலிருந்து வரும் மான் சுலபமாக உள்ளே குதித்துவிடும், பள்ளத்திலிருந்து திரும்ப எம்பிப் போக முடியாது. எலிப்பொறியேதான், கொஞ்சம் பெரிய அளவில். அக்கம்பக்கத்து மான் எல்லாம் ஒருத்தர் வீட்டுக்கே வந்துவிடுமே, அதனால் இதற்கு மன்னரின் தனி அனுமதி வேண்டியிருந்தது.

சரி, மக்களுக்கு எப்படிக் கிடைத்தது? எனக்குப் பிடித்த கதை இதுதான். 1751இல் மன்னர் இரண்டாம் ஜார்ஜின் மகள் அமீலியா பூங்காவின் பொறுப்புக்கு வந்து, அனுமதிச் சீட்டு இல்லாதவர்களுக்குக் கதவைச் சாத்தினார். 1755இல் ஜான் லூயிஸ் என்ற உள்ளூர் பீர் தயாரிப்பாளர், ஒரு வண்டி உள்ளே போகும்போது பின்னாலேயே நுழையப் பார்த்தார். வாயில் காவலாள் மார்த்தா கிரே தடுத்தார். லூயிஸ் வீட்டுக்குப் போய்ப் புலம்பவில்லை, வழக்குப் போட்டார். மூன்று வருஷம் இழுத்து, 1758இல் கிங்ஸ்டனில், அதாவது நீங்கள் இருக்கும் ஊரில், ஜெயித்தார்.

உனக்குக் கதவு வேண்டுமா, சுவர்மேல் ஏணிப்படி வேண்டுமா என்று நீதிபதி ஃபாஸ்டர் கேட்டார். லூயிஸ் ஏணி கேட்டார். கதவென்றால் மான் ஓடிவிடாமல் எப்போதும் சாத்தியே வைக்க வேண்டும், சாத்திய கதவைப் பார்த்தால் புதிதாக வருகிறவன் வழியில்லை என்று திரும்பிவிடுவான், நாளடைவில் தாழ்ப்பாளும் ஏறும் என்றார். அடடா, என்ன தீர்க்கமான மனுஷன்! அரண்மனைக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. ஏணி வைத்தார்கள், படிகளுக்கு நடுவே இடைவெளியை வேண்டுமென்றே அகலமாக விட்டு. லூயிஸ் மறுபடி போய் நின்றார். குழந்தைகளும் கிழவிகளும் ஏறுகிற மாதிரி செய்யுங்கள் என்று நீதிபதி உத்தரவிட்டார். அமீலியா 1761இல் பொறுப்பை விட்டுப் போனார்.

அப்புறம் உங்கள் மரங்கள். கத்தரித்தது தோட்டக்காரர் இல்லை, மான்தான். கழுத்தை நீட்டி வாய்க்கு எட்டுகிற வரை தின்றுவிடும், கோடு அங்கே நிற்கும். பழைய ஓக் மரங்களைக் கவனியுங்கள், அடிமரம் குட்டையும் பருமனுமாக, ஆள் உயரத்துக்குமேல் கிளைகள் கொத்தாகப் பிரியும். புதுத் துளிர் மானுக்கு எட்டாமல் இருக்கட்டும் என்று அந்த உயரத்தில் வெட்டி வெட்டி விறகு எடுத்த மரங்கள் அவை. சில, சுவருக்கும் மூத்தவை.

இப்போது அங்கே செம்மானும் ஃபாலோ என்ற இன்னொரு வகை மானுமாக 600க்கு மேல் உண்டு. உள்ளே புல் அவ்வளவுதான் என்பதால் வருஷாவருஷம் கொஞ்சத்தைச் சுட்டுக் குறைக்கிறார்கள். மருமகனிடம் இதைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லாதீர்கள்.

அக்டோபர் வரை இருப்பீர்களா? இருந்தால் விடிகாலையில் போங்கள். அது இணைசேரும் காலம், ஆண் மான்கள் கொம்பில் புல்லும் புதருமாகச் சுற்றிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தும். ஐம்பது மீட்டர் தள்ளியே நில்லுங்கள், போட்டோ எடுக்கக் கிட்டே போகவேண்டாம்.