ஒன்பது புத்தகம் பின்னால்

அன்புள்ள சார்,

உங்கள் தளத்தை நான்கு வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

ஜனவரியில் நண்பர்கள் சேர்ந்து ஒரு வாசிப்புச் சவால் தொடங்கினோம். குழுவில் முப்பது பேர். வருடத்துக்கு 100 புத்தகம். முடித்த புத்தகத்தின் அட்டைப்படத்தையும் பக்க எண்ணிக்கையையும் பகிர வேண்டும். ஏற்கெனவே படித்ததை மறுபடி படித்தால் கணக்கில் வராது. ஆகஸ்ட் முடிவில் 66 முடித்திருக்க வேண்டும், நான் 57-ல் நிற்கிறேன். போன மாதம் ஒரு 24 மணி நேர ரீடத்தானிலும் (மாரத்தான் மாதிரி விடாமல் படிக்கும் நிகழ்வு) கலந்துகொண்டேன். 19 மணி நேரம் தாக்குப்பிடித்தேன்.

முன்பெல்லாம் வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு படித்தாலே அதிகம். அந்த வகையில் சவால் நல்லதுதான் செய்திருக்கிறது. ஆனால் இப்போது புத்தகத்தைக் கையில் எடுத்ததும் கடைசிப் பக்கத்தின் எண்ணைத்தான் பார்க்கிறேன். மெலிந்ததாகத் தேடுகிறேன். சமீபத்தில் படித்த ஒரு நாவலில் அப்பா மகளுக்கு எழுதும் கடிதம் ஒன்று வந்தது. படித்து முடித்ததும் அந்த அத்தியாயத்தின் தொடக்கத்துக்கே திரும்பிப் போக வேண்டும் போலிருந்தது. ஒன்பது பின்னால் இருக்கிறோமே என்று போகவில்லை. அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

விலகிவிடவா, 100-ஐ முடித்துவிடவா? ஒலிப்புத்தகத்தைக் கணக்கில் சேர்க்கலாமா? (குழுவில் இதற்காகப் பெரிய சண்டையே நடந்தது.) எட்டு வயது மகனையும் சிறுவர் சவாலில் சேர்க்கச் சொல்கிறார்கள், சேர்க்கலாமா? நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் படிப்பீர்கள்?

அன்புடன்,
ம.

*

அன்புள்ள ம.,

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். பக்கத்தை எண்ணுவதில்லை. ஒரு காலத்தில் எண்ணினேன். அந்த வெட்கக்கேட்டைக் கீழே சொல்கிறேன்.

ஒலிப்புத்தகத்தைத் தாராளமாகச் சேர்க்கலாம். நம் மொழியில் ஆசிரியரிடம் படிப்பதற்கே பாடம் கேட்பது என்றுதான் பெயர். இதற்காக முப்பது பேர் சண்டை போட்ட நேரத்தில் ஆளுக்கொரு சிறுகதையாவது கேட்டிருக்கலாம். இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்பவராக இருந்தால் மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.

மகனைப் பற்றி. 1973-ல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வண்ணப் பேனாவால் படம் வரைய ஆசைப்படும் சின்னக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். சிலரிடம் வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றுமே இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், பரிசுக்காக வரைந்த குழந்தைகள் பேனா பக்கம் போவது பாதியாகக் குறைந்துவிட்டது. சொல்லாமல் பரிசு வாங்கிய குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் பையனுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க நினைத்தால் திடீரென்று வாங்கிக் கொடுங்கள். சுவரில் அட்டவணை ஒட்டாதீர்கள். சவால், அவனே கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். கடிதத்தில் நான் நின்றுபோன இடம், திரும்பிப் போக வேண்டும் போலிருந்தது, போகவில்லை என்ற வரி. இரண்டு வாரமாக இதேதான் என் தலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. கண் எப்படிப் படிக்கிறது என்று ஒரு கட்டுரைக்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதாகத்தான் நமக்குத் தோன்றும். உண்மையில் அது தத்தித் தத்திப் போகிறது. ஓரிடத்தில் கால் விநாடி நிற்கும், அப்புறம் ஒரு தாவல், மறுபடி ஒரு நிறுத்தம். நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவரின் கண்கூட நூறு தாவலில் பத்து முதல் பதினைந்து தாவல் பின்பக்கமாகத்தான் தாவுகிறது. நமக்குத் தெரியாமலே, படித்த சொல்லைத் தேடித் திரும்பிப் போய்விட்டு வருகிறது.

வேக வாசிப்பு கற்றுக்கொடுக்கிறவர்களுக்கு இந்தப் பின்தாவல்தான் முதல் எதிரி. கையையோ அட்டையையோ வரியோடு நகர்த்தி, கண்ணைத் திரும்பவிடாமல் பழக்குவார்கள். 2014-ல் வந்த ஓர் ஆய்வில் கணினித் திரையை வைத்து இதையே செய்துபார்த்தார்கள். கண் தாண்டிப்போன சொல்லை உடனே அழித்து, அந்த இடத்தில் வெறும் எக்ஸ் எழுத்துகளைப் போட்டுவிடுவார்கள். திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. அப்படிப் படித்தவர்களுக்குப் புரிதல் குறைந்துபோனது. குழப்பமான வாக்கியத்தில் மட்டும் இல்லை, நேரான வாக்கியத்திலும்கூட.

இப்போது என் கதை. இணையமெல்லாம் வருவதற்கு முன்னால், மாணவர்களாக இருந்தபோது, நண்பர்கள் ஆறு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து விடிய விடியப் படிப்பதென்று பந்தயம் கட்டினோம். ரீடத்தான் என்ற சொல் எங்களுக்குத் தெரியாது. விதி இதுதான்: மணிக்கொரு முறை, எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்று அவரவர் நோட்டில் எழுத வேண்டும். பக்கத்தில் இருப்பவன் எந்தப் பக்கத்தில் இருக்கிறான் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வது விதியில் இல்லை, ஆனால் எல்லோரும் பார்த்தோம். எனக்கு இடப்பக்கம் இருந்தவன் பேய் மாதிரி படிப்பான். அவன் பக்கத்தைத் திருப்பும் சத்தம் கேட்கும்போதெல்லாம் நானும் திருப்பிவிடுவேன்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ‘காலை 3.40, பக்கம் 212’ என்று ஒரு பதிவு. எழுத்து கோட்டை விட்டுக் கீழே சரிந்துபோயிருக்கிறது.

விடிந்ததும் பேசிக்கொண்டிருந்தோம். நான் படித்த நாவலை முன்பே படித்திருந்த ஒருவன், அந்த அம்மா செத்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றதாகச் சொன்னான். நான் தலையை ஆட்டினேன். பாவம்டா என்றுகூடச் சொன்னேன். எந்த அம்மா, எப்போது செத்தாள்? நான் படித்த நாவலில் கடைசிவரை அவள் உயிரோடுதான் இருந்தாள். அது போதாதென்று, மகள் கல்யாணத்துக்கு அவள் வராததைக் கவனித்து நோட்டில் ஒரு விமர்சனக் குறிப்பு வேறு எழுதிவைத்திருந்தேன்: ‘ஆசிரியர் அம்மாவை மறந்துவிட்டார். பாத்திரப் படைப்பில் கோளாறு.’

ஒரு மாதம் வீம்பாக அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. அப்புறம் யாருக்கும் தெரியாமல் எடுத்துத் தேடினேன். பக்கம் 206. ஆஸ்பத்திரி இல்லை, அழுகை இல்லை, சாவுக்கென்று தனியாக ஒரு வாக்கியம்கூட இல்லை. அந்த இடம் ஏறத்தாழ இப்படி இருக்கும்: ‘அம்மா போன பிறகு பூட்டியே கிடந்த அறையை அவன் திறந்தபோது, அடுத்த வீட்டு ரேடியோவில் செய்தி முடிந்திருந்தது.’ வாக்கியம் ரேடியோவைப் பற்றியது. வினைமுற்று செய்திக்குப் போய்விட்டது. அம்மாவுக்குக் கிடைத்தது ‘போன’ என்ற ஒரு பெயரெச்சம். அதற்குள்தான் அந்த எழுத்தாளர் சாவை வைத்திருந்தார். இரண்டெழுத்து. வெளியூர் போனதாக நினைத்துக்கொண்டு நான் ஓடியிருக்கிறேன்.

தமிழில் எழுதுகிறவருக்கு இந்த வசதி உண்டு. பெரிய விஷயத்தை எச்சத்துக்குள் மடித்து வைத்துவிட்டு, சின்ன விஷயத்துக்கு முற்றைக் கொடுக்கலாம். நாம் முற்றை நோக்கி ஓடுகிறவர்கள், யார் என்ன செய்தார் என்பது வாக்கியத்தின் கடைசியில்தான் தெரியும். தெரிந்ததும் கண் ஒருமுறை பின்னால் போய்விட்டு வர வேண்டும். எழுதுகிறவர் அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறார்.

உங்கள் குழுவின் விதியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது இதனால்தான். மறுபடி படித்தால் கணக்கில் வராதா? யார் போட்ட விதி இது? வள்ளுவர் நல்லவர்களின் நட்பைப் பற்றிச் சொல்ல வரும்போது, ‘நவில்தொறும் நூல்நயம் போலும்’ என்கிறார். கவனியுங்கள், அவர் விளக்க வந்தது நட்பை. பழகப் பழக இனிக்கும் என்று சொல்ல ஓர் உவமை வேண்டியிருக்கிறது. உவமை என்றால் கேட்பவருக்கு முன்பே தெரிந்த விஷயமாக இருக்க வேண்டும் இல்லையா? படிக்கப் படிக்கத்தான் நூலின் நயம் கூடும் என்பது அவ்வளவு தெரிந்த விஷயமாக இருந்திருக்கிறது. உங்கள் முப்பது பேருக்கு அது செல்லாக் காசு.

நன்னூலின் பாயிரத்தைப் பாருங்கள். இலக்கணப் புத்தகம் என்று பயந்து தள்ளிவைக்காதீர்கள், நான் சொல்லும் இடம் நாலைந்து சூத்திரம்தான். ‘ஒருகுறி கேட்போன் இருகால் கேட்பின் பெருக நூலில் பிழைபாடு இலனே.’ ஒருமுறை கேட்டவன் இன்னொரு முறையும் கேட்டால்தான் பிழை போகும். மூன்றாம் முறையும் கேட்டால் அடுத்தவருக்கு முறையாக எடுத்துச் சொல்லும் தகுதி வரும். பவணந்தியார் கணக்கில் முதல் வாசிப்பு என்பது பிழையோடு படிப்பது. பிழையோடு நூறு படித்து என்ன செய்யப்போகிறீர்கள்? நான் செய்ததைச் செய்வீர்கள், எழுத்தாளருக்குக் கோளாறு என்று குறிப்பு எழுதுவீர்கள். இணையத்தில் புத்தகத்துக்கு நட்சத்திரம் போடுகிறார்களே, அதில் பாதிப்பேர் ஒரு பெயரெச்சத்தைத் தவறவிட்டவர்கள் என்பது என் சந்தேகம். நிரூபிக்க முடியாது, விடுங்கள்.

புத்தக வாசகர்களுக்கான குட்ரீட்ஸ் தளம் 2011-லிருந்து வருடாந்திரச் சவால் நடத்துகிறது. நாமே ஒரு எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். தாமதமானால் இத்தனை புத்தகம் பின்தங்கிவிட்டீர்கள் என்று காட்டும். எதற்குப் பின்னால்? ஜனவரியில் எதையும் படிக்காமல், ஒரு உற்சாகத்தில் நாமே எழுதிய எண்ணுக்குப் பின்னால். நீங்களும் ‘ஒன்பது பின்னால்’ என்று கடன்பட்டவர் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். 365 நாளை நூறால் வகுத்தால் ஒரு புத்தகத்துக்கு மூன்றரை நாள் சொச்சம் வருகிறது. அப்பாவின் அந்தக் கடிதத்தைப் படித்த அன்று உங்களுக்கு மூன்றாவது நாளா? அதனால்தான் நகர்ந்துவிட்டீர்களா?

ஆனால் பழியை முழுக்கச் சவாலின் மேல் போடாதீர்கள். யாரும் உங்கள் கையைப் பிடித்துப் பக்கத்தைத் திருப்பவில்லை. கூட்டத்தில் சேர்ந்து படிப்பதே தப்பு என்று சொல்கிறவன் நானில்லை. 24 மணி நேர ரீடத்தான்களில் பெயர்பெற்ற ஒன்றைத் தொடங்கியவர் டூயி என்ற பெயரில் எழுதிவந்த ஒரு வலைப்பதிவர். 2007 அக்டோபரில் தொடங்கினார். அடுத்த வருடமே இறந்துவிட்டார். மற்றவர்கள் அதற்கு அவர் பெயரையே வைத்து, ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடர்ந்து நடத்தினார்கள். உலகம் முழுக்க ஒரே நொடியில் தொடங்கியதால் ஒருவருக்குக் காலை, இன்னொருவருக்கு நடு இரவு. அதில் எனக்குப் பிடித்தது பக்கக் கணக்கு இல்லை. மற்றவர்களின் வலைப்பக்கங்களுக்குப் போய், தூங்கிவிடாதே, நன்றாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வருவதையே வேலையாக வைத்திருந்த ஆட்கள் அதில் இருந்தார்கள்.

நன்னூலில் இதற்கும் இடம் இருக்கிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு ஒழுங்காகக் கேட்டாலும் கால் பங்குதான் கிடைக்கும். உடன் படிப்பவர்களோடு பழகும்போது இன்னொரு கால். மீதி இரண்டு காலும் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது. உங்கள் முப்பது பேர் அந்த இரண்டாவது காலுக்கு உரியவர்கள். அவர்களிடம் போய் அட்டைப்படத்தைக் காட்டிவிட்டு வருகிறீர்கள். 57 அட்டைப்படம் போட்டீர்களே, அதில் எத்தனைக்குக் கீழே யாராவது ‘அந்த இடம் எனக்குப் புரியவில்லை’ என்று எழுதினார்கள்? எங்கள் அறையில் ஒருவன் வாயைத் திறந்ததால்தான் அந்த அம்மா செத்தாள். இல்லாவிட்டால் இன்றைக்கும் என் நினைப்பில் உயிரோடு இருந்திருப்பாள்.

உங்களைத் திட்டுவதற்காக இவ்வளவும் எழுதவில்லை, கொஞ்சம் திட்டியும்விட்டேன். பன்னிரண்டிலிருந்து 57-க்கு வந்தது சின்ன விஷயம் இல்லை. எட்டு வயதுப் பையனை வைத்துக்கொண்டு 19 மணி நேரம் படித்திருக்கிறீர்கள். எனக்கு உங்கள் வயதில் அவ்வளவு பொறுப்பும் இல்லை, அவ்வளவு பொறுமையும் இல்லை. அப்புறம், உறுத்துகிறது என்று எழுதினீர்களே, எனக்கு அந்தப் பந்தயம் முடிந்து ஒரு மாதம் உறுத்தவே இல்லை. மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தோம் என்றுதான் இருந்தது.

விலகுவதா முடிப்பதா என்று கேட்டிருந்தீர்கள், அதை மறந்தேவிட்டேன். எதையாவது செய்யுங்கள். குழுவில் இருந்துகொண்டே 58-வது அட்டைப்படமாகப் பழைய புத்தகம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். என்ன சொல்கிறார்கள் என்று எனக்கும் தெரிய வேண்டும்.

முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். அப்பா மகளுக்குக் கடிதம் எழுதும் அந்த நாவலின் பெயரை எழுதவில்லை. அந்த அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய்விட்டு வந்து எழுதுங்கள்.

அன்புடன்.