கோட் டு ரோன் சிவப்பு ஒயினில் என்னென்ன திராட்சை கலக்கிறார்கள்? எந்தச் சாப்பாட்டுக்குப் பொருந்தும்?

புட்டியின் முன்பக்கம் திராட்சையின் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பிரான்சில் ஊர்ப்பெயருக்குத்தான் மதிப்பு. அந்தப் பெயரைப் போட வேண்டுமானால் எந்த ரகம், எவ்வளவு மகசூல், குறைந்தது எவ்வளவு ஆல்கஹால் என்று எல்லாவற்றுக்கும் விதி உண்டு. ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒயினான கோட் டு ரோன் அப்படிச் சட்டப்படி காக்கப்பட்ட பெயரானது 1937இல். அவிஞோன், ஒராஞ்ஜ் நகரங்களைச் சுற்றிய தெற்குப் பகுதியில் கலவைதான் வழக்கம். வடக்கே எர்மித்தாஜ், கோட் ரோத்தி பக்கம் போனால் சிவப்புக்குச் சிரா என்ற திராட்சை ஒன்றுதான் ஆதாரம். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு வாங்குபவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

தெற்கில் பெரும்பங்கு கிரெனாஷ் திராட்சை. வெயிலும் காற்றும் தாங்கும், நன்றாகச் சர்க்கரை ஏறும். அதனால் ஆல்கஹால் சர்வ சாதாரணமாக 14 சதவீதத்தைத் தொடும். ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி மாதிரியான பழ வாசமும் நாக்கில் ஒரு கொழகொழப்பும் இதன் தருமம். குறைகளும் அதே அளவுக்கு உண்டு: தோல் மெல்லியது, நிறம் வெளிறும், புளிப்பு குறைவு, காற்றுப் பட்டால் சீக்கிரம் பழுப்பேறிவிடும். இதனால்தான் பல பண்ணைகள் கிரெனாஷைச் சிறிய புது ஓக் பீப்பாயில் வைக்காமல் சிமெண்ட் தொட்டியிலோ பெரிய பழைய மரப்பீப்பாயிலோ வைக்கின்றன. மர வாசம் ஏறாது, காற்றும் அதிகம் புகாது.

மற்ற திராட்சைகள் எல்லாம் இந்தக் குறைகளை அடைக்க வந்தவை. சிரா கருஞ்சிவப்பு நிறமும் மிளகு வாசமும் தருகிறது. 'மிளகு' என்பது வெறும் உவமை இல்லை. கருமிளகில் இருக்கும் ரோட்டண்டோன் என்ற அதே பொருள் சிராவின் தோலிலும் இருக்கிறது. மூர்வெத்ர் துவர்ப்பையும், கொஞ்சம் இறைச்சி, பதனிட்ட தோல் போன்ற வாசத்தையும், ஆயுளையும் தரும். ஆனால் மிகத் தாமதமாகப் பழுக்கும். தலை வெயிலில், கால் தண்ணீரில் இருக்க வேண்டும் என்று அங்கே அதைப் பற்றிச் சொல்வார்கள். பழுக்காத மூர்வெத்ர் சேர்ந்தால் மொத்தக் கலவையும் பச்சையாகக் கசக்கும். சன்சோ வேண்டுமானால் கொஞ்சம் இலகுவாக்கும். பரவலான ஒரு கணக்கு சதவீதத்தில் கிரெனாஷ் 60, சிரா 25, மூர்வெத்ர் 15. பண்ணைக்குப் பண்ணை இது மாறும். ஒவ்வொன்றும் பழுக்கும் நாள் வேறு என்பதால் தனித்தனியே நொதிக்கவைத்து, பிறகு சுவைத்துச் சுவைத்துக் கலப்பதே அதிகம். பக்கத்தில் இருக்கும் ஷாத்தோநெஃப் டு பாப்பில் 13 ரகங்களுக்கு அனுமதி உண்டு என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அங்கேயும் பெரும்பாலான புட்டிகளில் கிரெனாஷ்தான் ஆட்சி.

வாங்கும்போது நான்கு படிகளை நினைவில் வைத்தால் போதும்: வெறும் கோட் டு ரோன், அதற்கு மேல் 'வில்லாஜ்', அதற்கு மேல் கிராமப் பெயர் சேர்த்த வில்லாஜ், உச்சியில் ஊர்ப்பெயர் மட்டும் போட்டவை. ஜிகொந்தாஸ் 1971இலும் வக்கெராஸ் 1990இலும் கெரான் 2016இலும் அந்த உச்சிப் படிக்கு ஏறின. என்னைக் கேட்டால், பெயர்பெற்ற ஷாத்தோநெஃப்பின் மலிவான புட்டியைவிட நல்ல வக்கெராஸ் எவ்வளவோ மேல். முன்னதில் பெயருக்கே பாதி விலை போய்விடும். சாதாரண கோட் டு ரோனை அறுவடை ஆண்டிலிருந்து மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் குடித்துவிட வேண்டும். பத்தாண்டு பத்திரப்படுத்தினால் உலர்திராட்சை வாசமும் பழுப்பு நிறமும்தான் மிஞ்சும்.

அதிகம் பேர் செய்யும் தவறு சூடாக ஊற்றுவது. 'சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடி' என்ற விதி குளிர்நாட்டுப் பழைய கல்வீட்டு அறைக்குச் சொன்னது. 28 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால் மூக்கில் ஏறும், பழம் ஜாம் மாதிரி ஆகிவிடும். புளிப்பு குறைந்த கிரெனாஷில் இது இன்னும் மோசம். 16 முதல் 17 டிகிரி சரி. வெயில் காலத்தில் ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். அவசரமென்றால் வாளியில் ஐஸோடு தண்ணீரும் ஊற்றிப் புட்டியைப் பத்து நிமிடம் அமிழ்த்துங்கள். வெறும் ஐஸில் காற்று இடைவெளி இருப்பதால் குளிர்ச்சி மெதுவாகத்தான் இறங்கும். சிரா அதிகமுள்ள புட்டியைத் திறந்ததும் தீக்குச்சி உரசிய வாசம் வந்தால் பயப்பட வேண்டாம். வாயகன்ற கூஜாவில் ஊற்றி அரைமணி வைத்தால் பெரும்பாலும் போய்விடும். ஈரமான அட்டைப்பெட்டி வாசம் வந்தால் அது தக்கையின் கோளாறு. அது போகாது, கடையில் திருப்பிக் கொடுங்கள்.

சாப்பாட்டுக்கு வந்தால், பூண்டும் ரோஸ்மேரியும் செருகிச் சுட்ட ஆட்டுத்தொடை இதற்குப் பிறவிச் சொந்தம். துவர்ப்பு இறைச்சியின் புரதத்தோடும் கொழுப்போடும் பிணைந்து மென்மையாகிவிடுகிறது. மூலிகை வாசம் இரண்டிலும் ஏற்கெனவே இருக்கிறது. ஒயினில் மெதுவாக வெந்த மாட்டிறைச்சிக் குழம்பான தோப், கத்தரிக்காய், தக்காளி சேர்ந்த காய்கறிக் கூட்டான ராத்தத்தூய், ஆலிவ் துவையலான தப்பனாத், பன்றி சாசேஜ், கெட்டிச் சீஸில் கொந்தே எல்லாம் ஒத்துப்போகும். தோப் செய்வதானால் ஒரு கிலோ முன்கால் இறைச்சிக்கு ஒரு முழுப் புட்டி, அதாவது 750 மில்லி. வெங்காயம், பூண்டு, தைம், பிரிஞ்சி இலை, ஒரு துண்டு ஆரஞ்சுத் தோலோடு இரவு முழுக்க ஊறவைத்து, மூன்று மணி நேரம் மிகச் சிறு தீயில் வேக வேண்டும். தளதளவென்று கொதித்தால் இறைச்சி நாராகிவிடும். பூச்சில்லாத அலுமினியப் பாத்திரம் வேண்டாம். ஒயினின் புளிப்பு பட்டு உலோகச் சுவை வரும்.

பொருந்தாதவையும் உண்டு. வினிகர் தூக்கலான சாலட்டுக்கும் புளிக்குழம்புக்கும் முன்னால் இந்த ஒயின் சப்பென்று ஆகிவிடும். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய் மீனோடு சேர்ந்தால் ஒயினில் உள்ள இரும்பால் வாயில் ஒரு கவிச்சி தங்கும். காரத்தில் மிளகு பரவாயில்லை, பச்சை மிளகாயும் வற்றலும்தான் சிக்கல். 14.5 சதவீத ஆல்கஹால் அந்த எரிச்சலை இன்னும் கிளப்பும். மிளகு போட்ட மட்டன் வறுவலுக்குத் தாராளமாக எடுக்கலாம்; மிளகாய் தூக்கலான குழம்புக்கு இதை விட்டுவிட்டு இனிப்பு லேசாக உள்ள வெள்ளை ஒயின் பாருங்கள்.

திறந்த புட்டி மீந்தால் தக்கையைத் திரும்ப அடைத்து ஃப்ரிட்ஜில் நிறுத்திவைக்கலாம், இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் மிஞ்சியிருப்பதைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.