கல் ஏன் ஆடுகிறது? பாண்டி பஜார் நடைபாதை: வாசகர் கேள்வி பதில்

சென்னை தி.நகரில் பனகல் பூங்காவை ஒட்டித் தொடங்கும் தியாகராயா சாலையைப் பாண்டி பஜார் என்றால்தான் யாருக்கும் தெரியும். சீர்மிகு நகரத் திட்டத்தில் ஏறத்தாழ 40 கோடி ரூபாய் செலவில் அதன் நடைபாதைகளை அகலமாக்கி 2019 நவம்பரில் திறந்தார்கள். பாராட்டும் வசவும் இன்றுவரை ஓயவில்லை. அதைப் பற்றியும், அதைப் பார்த்து மற்ற கடைத்தெருக்களில் நடக்கும் வேலைகளைப் பற்றியும் வந்த கேள்விகளில் சில இங்கே.

புது நடைபாதை போட்டு ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் கல் ஆட ஆரம்பித்துவிடுகிறதே, கல் தரமில்லையா?
– மேற்கு மாம்பலம் வாசகர்

பெரும்பாலும் கல் நிரபராதி. பேவர் பிளாக் என்பது மேல்தோல் மட்டுமே. அடியில் இறுக்கிய மண், அதன்மேல் சுமார் 150 மி.மீ. ஜல்லிக் கலவை, அதற்கும் மேல் 25 முதல் 40 மி.மீ. பருமணல், கடைசியில்தான் கல். ஆட்கள் மட்டும் நடக்கும் இடத்துக்கு 60 மி.மீ. கனம் போதும். வண்டி ஏறி இறங்கும் கடைவாசல் என்றால் 80 மி.மீ. வேண்டும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் 2 முதல் 4 மி.மீ. சந்து விட்டு, அதில் காய்ந்த நுண்மணலை நிரப்பி, அதிர்வு இயந்திரத்தை ஓட்ட வேண்டும். சந்தில் இறுகிய அந்த மணல்தான் ஒரு கல்லின் சுமையைப் பக்கத்துக் கல்லுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது.

எங்கே தப்பு நடந்தது என்பதைப் பள்ளத்தின் வடிவமே சொல்லிவிடும். நீளக் கோடாக உள்வாங்கியிருந்தால் கேபிளுக்கோ குழாய்க்கோ தோண்டிய பள்ளத்தைச் சரியாக மூடவில்லை. மேன்ஹோலைச் சுற்றிக் கிண்ணம்போல் இறங்கியிருந்தால் தொட்டிச் சுவரை ஒட்டிய மண்ணை யாரும் இடிக்கவில்லை. ஓரக் கற்கள் மட்டும் விலகினால் விளிம்புக் கல்லுக்குக் கான்கிரீட் பிடிமானம் இல்லை. மழை நாளில் கால் வைத்ததும் சேற்றுநீர் பேண்ட்டில் பீய்ச்சியடித்தால், படுக்கைக்குப் பருமணல் போடாமல் கிரஷர் தூளை, அதாவது கல் உடைக்கும் ஆலையின் தூளைக் கொட்டியிருக்கிறார்கள். அது நீரைப் பிடித்துக்கொண்டு கூழாகிவிடும்.

மேடு பள்ளத்தை மணலைக் கூட்டிக் கொட்டிச் சமன் செய்வது இன்னொரு வழக்கமான ஏமாற்று. 100 மி.மீ. மணல் எந்த நாளும் ஓரிடத்தில் நிற்காது. சந்துகளில் சிமென்ட் பால் ஊற்றுவதும் அப்படித்தான்: இரண்டு வாரம் அழகாக இருக்கும், பிறகு விரிசல் விடும், அடுத்த முறை தோண்டும்போது கற்கள் முழுசாக வராது.

குடிநீர் வாரியம், மின்வாரியம், இணையக் கேபிள்காரர்கள் என்று ஆளுக்கொரு முறை தோண்டுகிறார்கள். தோண்டாமல் இருக்கவும் முடியாது. சரியாக மூடுவது எப்படி?
– சைதாப்பேட்டை வாசகி

முதலில், பள்ளத்தின் அகலத்தோடு நிறுத்தாமல் இரு பக்கமும் கூடுதலாக இரண்டு வரிசைக் கற்களை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் விளிம்பு சரிந்து நல்ல கற்களையும் இழுத்துக்கொண்டு போகும். வெளியே வந்த களிமண்ணையும் கட்டட இடிபாட்டையும் அப்படியே உள்ளே தள்ளக்கூடாது. மணலோ ஜல்லிக் கலவையோ 150 மி.மீ. அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் ரேம்மர் என்ற இயந்திரத்தால் இடிக்க வேண்டும். ஒரு மீட்டர் ஆழமென்றால் ஆறேழு அடுக்கு. மொத்தமாகக் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் மண் இறங்கிவிடும் என்பது மேஸ்திரிகளின் நம்பிக்கை. இறங்கத்தான் செய்யும், கல் பதித்து மூன்று மாதம் கழித்து.

உதிரிக் கல்லையும் மறக்காதீர்கள். 200 × 100 மி.மீ. கல் சதுர மீட்டருக்கு 50 பிடிக்கும். 1,000 சதுர மீட்டர் வேலைக்கு அதே வார்ப்பில் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கல் வாங்கி வைத்தால் சில ஆண்டுகளுக்குக் கவலையில்லை. வைக்காத தெருக்களில்தான் சாம்பல் நிறத் தரையில் சிவப்புக் கல் ஒட்டுப்போட்டதுபோல் நிற்கிறது. கிரானைட் பதித்த தெருவில் இது இன்னும் மோசம். பலகையின் அடியில் கலவை முழுதாகப் பரவாமல் வெற்றிடம் இருந்தால், ஒரு லோடு ஆட்டோ ஏறியதும் உடையும். உடைந்த இடத்தை ஊழியர்கள் சிமென்ட் பூசி மூடுவார்கள். ஆகவே அடிக்கடி தோண்டப்படும் தெருவுக்குக் கிரானைட் வேண்டாம் என்பதே எங்கள் கட்சி.

நடைபாதையில் பைக் ஏறாமல் தூண் நடச் சொன்னோம். நட்டார்கள். இப்போது என் தாயாரின் சக்கர நாற்காலி நுழையவில்லை!
– அசோக் நகர் வாசகர்

தூண் மட்டுமே நம்பினால் இந்தச் சிக்கல் தீராது. சக்கர நாற்காலியின் அகலம் 65 முதல் 70 செ.மீ. கை இடிக்காமல் போக 90 செ.மீ. இடைவெளி வேண்டும். ஸ்கூட்டரின் அகலமும் கிட்டத்தட்ட அதே 70 செ.மீ.தான். நாற்காலி போகும் சந்தில் ஸ்கூட்டரும் போகும். 60 செ.மீ.க்கு நெருக்கி நட்டால் உங்கள் தாயார் வெளியே, கைப்பிடியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வரும் பைக்காரர் எப்படியும் உள்ளே.

எனவே இடைவெளியை 90 செ.மீ.க்குக் கீழே குறைக்க விடாதீர்கள். 1 மீட்டருக்கு மேல் இருந்தால் இன்னும் நல்லது. பைக் எதற்காக ஏறுகிறது என்று பாருங்கள். சிக்னலைத் தவிர்க்க என்றால் போலீஸ் அபராதம்தான் வழி. கடை முன் நிறுத்த என்றால் பக்கத்துச் சந்தில் பைக் நிறுத்தம் குறிக்கக் கேளுங்கள். சரிவுப்பாதை 12க்கு 1 என்ற அளவைத் தாண்டக்கூடாது: 150 மி.மீ. உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளம்.

பார்க்கிங்கை எடுத்ததால் வியாபாரம் படுத்துவிட்டது. மறுபடி கொடுக்கச் சொல்லி எழுதுங்கள்.
– தி.நகர் வியாபாரி

எழுத மாட்டோம், ஆனால் உங்கள் கவலை வெற்றுப் புலம்பல் இல்லை. ஒரு வேலை செய்து பாருங்கள். வண்டி நிறுத்த அனுமதியுள்ள ஏதாவது ஒரு கடைத்தெருவில் ஒரு சனிக்கிழமை முழுக்க, அரை மணிக்கொரு முறை நடந்து வண்டி எண்களின் கடைசி நான்கு இலக்கத்தைக் குறியுங்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் நகராத வண்டி எத்தனை, அதில் கடைக்காரர்கள், ஊழியர்களுடையது எத்தனை என்று எண்ணுங்கள். காருக்கு 12.5 சதுர மீட்டர் தெரு போகிறது. காலையில் முதலாளி நிறுத்தி இரவில் எடுத்தால் அந்த இடத்தால் ஒரு வாடிக்கையாளர்கூட வரவில்லை. தணிகாசலம் சாலை முனையில் ஏறத்தாழ 200 கார்களும் 500 இருசக்கர வண்டிகளும் நிற்கும் அடுக்கு நிறுத்தம் இதற்காகவே கட்டப்பட்டது.

நீங்கள் நியாயமாகக் கேட்க வேண்டியவை வேறு: முதியவர்களை இறக்கிவிட ஆங்காங்கே இரண்டு நிமிட நிறுத்தம், சரக்கு இறக்கக் காலை பத்து மணிக்குள் அனுமதி. கணக்கோடு கேட்டால் மறுப்பது மாநகராட்சிக்குக் கஷ்டம்.

பாண்டி பஜார் நடைபாதைக் கடைகளை 2013இல் மாடி வளாகத்துக்கு மாற்றினார்கள். அகலமான நடைபாதை வந்ததும் மறுபடி கடைகள். இதற்கு முடிவே இல்லையா?
– கோடம்பாக்கம் வாசகி

நடப்பவர்கள் இருக்கும் இடத்தில்தான் வியாபாரம், மாடியில் இல்லை. 2014ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழு அமைத்து, கணக்கெடுத்து, விற்கும் இடம், விற்கக்கூடாத இடம் என்று பிரிக்க வேண்டும். குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் இருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இடையூறில்லாமல் 2.5 மீட்டர் நடக்க விட்டு, மரங்களின் வரிசையில் கடைக்கு இடம் குறிக்க முடியுமா? கடைவாசலை ஒட்டி நிற்பவர்களுக்கு இன்னொரு மீட்டர். இதற்கு மேல் மிஞ்சும் அகலம் பாண்டி பஜாரில் இருக்கிறது, தி.நகரின் குறுகலான ரங்கநாதன் தெருவில் இல்லை. இரண்டுக்கும் ஒரே விதி பேசுவதால்தான் சண்டை.

மரத்தடி வரை கல் பதித்துவிட்டார்கள்.
– நந்தனம் வாசகர்

சுற்றிலும் ஒரு மீட்டர் திறந்திருக்க வேண்டும். மாநகராட்சியின் 1913 தொலைபேசி எண்ணுக்குப் புகார் செய்யுங்கள். பெயர்த்தெடுப்பவர்கள் கடப்பாரையால் வேரை வெட்டிவிடாமல் பக்கத்தில் நில்லுங்கள்.

பராமரிப்பு யார் பொறுப்பு என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வடபழனி வாசகி

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மாநகராட்சியின் மண்டல அலுவலகத்துக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். "ஏன் பராமரிக்கவில்லை" என்று கேட்காதீர்கள், "பராமரிக்கப்படுகிறது" என்று ஒரு வரி வரும். ஆவணம் கேளுங்கள்: ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (பழுதை ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய காலம்) முடியும் தேதி, அதற்குள் ஒப்பந்ததாரருக்கு அனுப்பிய பழுது அறிவிப்புகளின் நகல், இந்தச் சாலைக்கு வழங்கிய தோண்டும் அனுமதிகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் வசூலித்த மறுசீரமைப்புக் கட்டணம். கடைசி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, தெருவில் போய் ஒட்டுப்போட்ட இடங்களை எண்ணிப் பாருங்கள்.