கடன் நோட்டை மூடிவிடலாமா? வாசகர் கேள்வி – பதில்

*பாபநாசம் அருகே முப்பது ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்துகிறேன். என் வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் விவசாயிகளும் விவசாயக் கூலிகளும். அறுவடை முடிந்து கையில் பணம் வந்ததும் பற்றைத் தீர்ப்பார்கள். கடன் நோட்டை ஓரம் கட்டிவிட்டுக் கைப்பேசிச் செயலியில் கணக்கு எழுத வேண்டும் என்று மகன் வற்புறுத்துகிறான். எனக்கு மனம் ஒப்பவில்லை. யார் சொல்வது சரி?*
— மளிகைக் கடை உரிமையாளர், பாபநாசம்

ஐயா, உங்கள் மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இருநூறு குடும்பங்களின் பற்று வரவை ஒரு நோட்டில் வைத்திருப்பவர், மொத்தம் எவ்வளவு பணம் வெளியே நிற்கிறது என்று அறிய ஓர் இரவு முழுவதும் கூட்டிப் பார்க்க வேண்டும். செயலி அந்தத் தொகையை உடனே காட்டிவிடும். நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணமும் இப்போது விவசாயியின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போய்ச் சேருகிறது. கணக்கில் இருக்கும் பணத்தை எடுக்க அவர் வங்கிக்குப் போய் வரிசையில் நிற்பதைவிட, உங்கள் கடையில் நின்றபடியே கைப்பேசியில் பற்றைத் தீர்ப்பது இருவருக்கும் எளிது.

ஆனால் உங்கள் தயக்கத்திலும் ஓர் உண்மை இருக்கிறது. அதை உங்கள் மகன் கவனிக்க வேண்டும். இந்தச் செயலிகளுக்கு நம் ஊர்ப் பயிர்க்காலம் தெரியாது. நம் பகுதியில் கடனுக்குத் தவணை மாதமன்று, போகம், அதாவது ஒரு பயிரின் காலம். குறுவைக்காரர் ஐப்பசியை ஒட்டித் தருவார். சம்பா, தாளடிக்காரர் தை, மாசியில் தருவார். மேட்டூர் அணை ஜூன் 12ஆம் தேதி திறக்காமல் தள்ளிப்போன ஆண்டில் எல்லாமே தள்ளிப்போகும். இதை அறியாத செயலி, பல ஆண்டுகளாகப் பழகிய வாடிக்கையாளருக்கு, 'உங்கள் நிலுவைத் தொகை இவ்வளவு, உடனே செலுத்தவும்' என்று குறுஞ்செய்தி அனுப்பிவிடும். பயிர் தண்ணீருக்குக் காத்து நிற்கும் நேரத்தில் அப்படியொரு செய்தி போனால், அவர் அடுத்த மாதம் வேறு கடைக்குப் போய்விடுவார். ஆகவே முதல் வேலையாக, தானாகச் செய்தி அனுப்பும் வசதியை அமைப்புகளுக்குள் சென்று நிறுத்திவையுங்கள். தவணைத் தேதி கேட்டால், அந்தக் குடும்பத்தின் அறுவடை மாதத்தைக் கணக்கிட்டு நீங்களே குறியுங்கள்.

இரண்டாவது வேலை, செயலி யாருடைய எண்ணில் பதிவாகியிருக்கிறது என்று பார்ப்பது. பெரும்பாலும் அது மகனின் எண்ணாகவே இருக்கிறது. நாளை அவர் திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போனால் கடையின் கணக்கும் அவரோடு போய்விடும். கடைக்கென்று உங்கள் பெயரில் ஒரு சிம் வாங்கி, அதில் பதியுங்கள்.

நோட்டை உடனே மூட வேண்டாம். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது நான் திருத்துறைப்பூண்டியில் ஓர் உறவினர் கடையில் இருந்தேன். மின்கம்பங்கள் சாய்ந்து, கைப்பேசிக் கோபுரங்களும் செயலிழந்த அந்த நாட்களில், அரிசியும் மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் வாங்க வந்தவர்களின் பற்று முழுவதையும் நோட்டில்தான் எழுதினார்கள். ஒரு முழுப் போகத்துக்கு இரண்டிலும் எழுதுங்கள். அதன்பிறகு அன்றாடக் கணக்கைச் செயலிக்கு மாற்றிக்கொண்டு, வாரத்துக்கு ஒரு நாள், வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்களேன், ஒவ்வொருவரின் நிலுவையை மட்டும் நோட்டில் ஒரு வரியாகக் குறித்துவையுங்கள். முப்பது ஆண்டுப் பழக்கமுள்ள கைக்கு அது பெரிய வேலையன்று.

*மன்னார்குடியில் பாத்திரக் கடை நடத்துகிறேன். கைப்பேசி வழியாக வந்த வசூலைப் பார்த்து வேறொரு மாநிலத்தில் சிறு கடைக்காரர்களுக்கு வரி நோட்டீஸ் போனதாகக் கேள்விப்பட்டேன். க்யூஆர் அட்டையை எடுத்துவிட்டு ரொக்கம் மட்டும் வாங்கலாமா?*
— வாசகி, மன்னார்குடி

அம்மா, நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. 2025ஆம் ஆண்டு ஜூலையில் கர்நாடகத்தில் அப்படி நோட்டீஸ் அனுப்பப்பட்டது. 'ரொக்கம் மட்டும்' என்று அங்கே பல கடைகளில் எழுதியும் வைத்தார்கள். ஆனால் அட்டையை எடுப்பதால் உங்கள் நிலை மாறாது. பொருள் விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு தேவை. அந்த 40 லட்சத்தில் ரொக்கமாக விற்றதும் சேரும். தாண்டாத கடைக்குக் கைப்பேசி வசூலால் புதிய வரி ஏதும் வருவதில்லை. தாண்டிய கடை, ரொக்கத்தில் விற்றாலும் பதிவு செய்தே ஆக வேண்டும்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பல கடைகளில் க்யூஆர் அட்டை உரிமையாளரின் சொந்தச் சேமிப்புக் கணக்கோடு இணைந்திருக்கிறது. தம்பி அனுப்பிய பணம், சீட்டுப் பணம், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக உறவினர் கொடுத்தது என எல்லாம் அதே கணக்கில் விழுந்தால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அத்தனையும் விற்பனையாகவே தெரியும். கடைக்கென்று தனியாக நடப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, க்யூஆர் அட்டையை அதோடு மட்டும் இணையுங்கள். விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும் நிலை வந்தால், ஒன்றரைக் கோடி வரை விற்றுமுதல் உள்ள வணிகருக்கு விற்றுமுதலில் 1 சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்தால் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்க முடியாது, வெளிமாநிலத்துக்கும் விற்க முடியாது. நாச்சியார்கோவில் குத்துவிளக்குகளை வாங்கிப் பெங்களூருக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், கையெழுத்திடும் முன் உங்கள் கணக்காளரிடம் இதைப் பேசுங்கள்.

*மயிலாடுதுறையில் என் தந்தை தொடங்கிய அச்சகத்தை நடத்துகிறேன். வாடிக்கையாளர்கள் கல்யாணப் பத்திரிகை வாசகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். பக்கம் வடிவமைக்க நாங்கள் பயன்படுத்தும் பேஜ்மேக்கர் மென்பொருளில் ஒட்டினால் எழுத்துகள் சிதறிவிடுகின்றன. மீண்டும் முழுவதையும் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது. சிலர் கைப்பேசியிலேயே வடிவமைத்து, 'அச்சடித்தால் போதும்' என்கிறார்கள். இந்தத் தொழில் நிற்குமா?*
— அச்சக உரிமையாளர், மயிலாடுதுறை

நான் நெடுநேரம் கையில் வைத்திருந்த கடிதம் இது. உங்கள் தந்தையார் ஈய எழுத்துகளைக் கோத்தவர் என்றால், 1978ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றின் பழைய வடிவ அச்சுகள் வேண்டாதவையாகிப் போனதை அவர் பார்த்திருப்பார். அதன் பிறகு ஆஃப்செட் வந்தது, கணினி வந்தது. உங்கள் அச்சகம் ஒவ்வொரு முறையும் மாறியே வந்திருக்கிறது.

இப்போதைய சிக்கலின் காரணம் இதுதான். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. எழுத்துகளை எல்லாக் கருவிகளிலும் ஒரே முறையில் சேமிக்கும் ஒருங்குறி என்னும் யூனிகோடு அதற்குத் தெரியாது. கைப்பேசியிலிருந்து வருவதோ முழுக்க ஒருங்குறி. பழைய எழுத்துருவில் 'கெ' என்று எழுதக் கொம்பை முதலில் அடித்துப் பிறகு 'க' அடிப்போம். ஒருங்குறியில் 'க' முதலிலும் கொம்பு அடுத்தும் சேமிக்கப்படுகின்றன. வரிசையே வேறாக இருப்பதால்தான் வாசகம் சிதறுகிறது. இதற்கு எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன, இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றால் தட்டச்சு வேலை பெரிதும் குறையும். ஆனால் மாற்றிய பின் மூன்று இடங்களை வரிக்கு வரி பாருங்கள்: 'ஸ்ரீ' உள்ளிட்ட கிரந்த எழுத்துகள், 'ஔ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஒள' வந்திருப்பது, காலுக்குப் பதில் 'ர' நின்றிருப்பது. கல்யாணப் பத்திரிகையில் மணமகளின் பெயர் பிழையாகிப் போனால் அந்த வீட்டார் அதை ஆயுள் முழுக்க மறக்க மாட்டார்கள்.

பேஜ்மேக்கரை இன்றே கைவிட வேண்டாம். பழைய கோப்புகளைத் திறக்க அது தேவைப்படும். புதிய வேலைகளை மட்டும், ஆடி மாதத்தில் முகூர்த்தமில்லாமல் அச்சகம் ஓய்ந்திருக்கும்போது, இன்டிசைன் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளிலோ, அதைப் போன்ற, இலவசமான ஸ்க்ரைபஸிலோ செய்து பழகுங்கள். இன்டிசைனில் தமிழ் ஒருங்குறி சரியாக அமைய, பத்தி அமைப்பில் 'வேர்ல்ட் ரெடி கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் இதை அறியாமல், அந்த மென்பொருளில் தமிழ் வராது என்று விட்டுவிடுகிறார்கள்.

கைப்பேசியில் வடிவமைத்து வருபவர்களை விரட்டாதீர்கள். அவர்கள் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி, அச்சில் மங்கிவிடும். படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அச்சுக்கு 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும் என்பதையும், திரையில் பளிச்சென்று ஒளிரும் பச்சையும் நீலமும் காகிதத்தில் சற்று அடங்கியே விழும் என்பதையும் ஒரு மாதிரித் தாளைக் காட்டி விளக்குங்கள். இதைத் திருத்தித் தருவதற்குத் தனிக் கட்டணம் வாங்குங்கள். அது உங்கள் உழைப்புக்கு உரிய கூலி. அச்சேற்றும் முன், பெயர், நட்சத்திரம், முகூர்த்த நேரம், மண்டப முகவரி ஆகியவற்றைச் 'சரி' என்று எழுத்தில் அனுப்பச் சொல்லி அந்தச் செய்தியைப் பாதுகாத்துவையுங்கள்.

*பணம் அனுப்பிவிட்டதாகத் திரையைக் காட்டிவிட்டுப் போகிறார்கள்; பிறகு பார்த்தால் பணம் வரவில்லை. என்ன செய்வது?*
— பழக்கடைக்காரர், திருவாரூர்

அந்தத் திரையை நம்பாதீர்கள். அதைப் போலவே காட்டும் போலிச் செயலிகள் இருக்கின்றன. பணம் வந்ததை அறிவிக்கும் உங்கள் ஒலிப்பெட்டி தொகையைச் சொன்ன பிறகோ, உங்கள் வங்கிக் கணக்கில் வரவைப் பார்த்த பிறகோ பழத்தைக் கொடுங்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை; பெறுவதற்காக அதை அடிக்கச் சொல்பவர் உங்கள் பணத்தை எடுக்கப் பார்க்கிறார். தினமும் காலையில் கடை திறந்ததும், அட்டையின் மேல் வேறு க்யூஆர் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பணம் பறிபோனால் காலம் தாழ்த்தாமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் தடுக்க முடிவது, நீங்கள் எவ்வளவு விரைவில் அழைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது.