மனநல சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தால் மருத்துவக் காப்பீட்டில் பணம் கிடைக்காதா?

கிடைக்க வேண்டும். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21(4) பிரிவு, உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறார்களோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது. இது 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது.

எங்களுக்கு அப்போது இது தெரியாது. அண்ணனுக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தபோது எந்தக் கேள்வியும் இல்லாமல் பணம் வந்தது. பிறகு பைபோலார் என்ற மனநோய் முற்றி பதினெட்டு நாள் சேர்த்திருந்தோம். அதே பாலிசிதான். "இதெல்லாம் வராதும்மா" என்று போனிலேயே சொல்லி முடித்துவிட்டார்கள். அம்மா வளையலை அடகு வைத்துத்தான் பில் கட்டினோம். பணத்தைவிட, அண்ணனுக்கு வந்தது நோயே இல்லை என்பதுபோல அவர்கள் பேசியதுதான் எனக்கு ஆறவில்லை.

நீங்கள் முதலில் நிராகரிப்பை எழுத்தில் கேளுங்கள், காரணத்தோடு. அப்புறம் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு 21(4)ஐக் குறிப்பிட்டுக் கடிதம், கூடவே டிஸ்சார்ஜ் சம்மரி. ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஆனால் ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். எங்களுக்குப் பணம் அங்கே போன பிறகுதான் வந்தது.

பாலிசியிலேயே விலக்கு என்று அச்சடித்திருக்கிறதே என்பார்கள். அதற்காக விட்டுவிடாதீர்கள். 2021 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் இப்படி மறுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு 3,95,000 ரூபாய் தரச் சொன்னது; வழக்குச் செலவுக்கு 25,000 தனி. ஒன்று மட்டும் கவனம்: பாலிசி எடுக்கும்போதே நோய் இருந்தால் மறைக்காதீர்கள். வெட்கப்பட்டு மறைக்கும் குடும்பங்கள்தான் பிறகு மாட்டிக்கொள்கின்றன.

இத்தனைக்குப் பிறகும் பாதி நியாயம்தான் கிடைத்திருக்கிறது என்பேன். பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பணம் தரும். சர்க்கரைக்கும் ஓபி (சேராமல் வந்துபோய்ப் பார்க்கும் சிகிச்சை) கிடையாதே, சமமாகத்தானே நடத்துகிறோம் என்பது நிறுவனங்களின் வாதம். மனநோய்க்கோ சிகிச்சையின் பெரும்பகுதியே ஓபியில்தான் நடக்கிறது. அண்ணனை மறுபடி சேர்க்காமல் காப்பாற்றுவது மாதாமாதம் வாங்கும் மாத்திரையும் கவுன்சலிங்கும். அந்தச் செலவு முழுக்க எங்கள் கையிலிருந்துதான் போகிறது.

அடுத்த மாதம் ரினியூவல். ஓபி உள்ள பாலிசி எடுத்தால் கவுன்சலிங்கும் அதில் சேருமா என்று மெயிலில் கேட்டிருக்கிறேன். போனில் கேட்பதை விட்டுவிட்டேன்.